அடிவயிற்றிலிருந்து பாடு என்கிறார்கள், கழுத்து நரம்புதான் புடைக்கிறது

கேள்வி: ஜூன் 2

ஆறு வருடமாகப் பாட்டு கற்கிறேன். வர்ணங்கள் முடிந்து கீர்த்தனைகள் போய்க்கொண்டிருக்கின்றன. சுருதி, அதாவது என் அடிப்படை 'ச'-வின் உயரம், 5½ கட்டை. மேல் ஷட்ஜம் (ச) வரை பரவாயில்லை. காந்தாரம் (க), மத்யமம் (ம) என்று ஏறினால் கழுத்து நரம்பு புடைக்கிறது, பஞ்சமம் (ப) கத்தலாகத்தான் வருகிறது. டீச்சர் "அடிவயிற்றிலிருந்து பாடு" என்கிறார். வயிற்றை இறுக்கினால் இன்னும் மோசமாகிறது. மேற்கத்தியப் பாடகர்களுக்குக் குரலுக்கென்றே தனிப் பயிற்சி இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்றும் கிடையாது, பாட்டை மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள் என்பது என் எண்ணம். தவறென்றால் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம்மிடம் குரல் பயிற்சி இல்லை என்பதை ஏற்க மாட்டேன். சரளி, ஜண்டை, தாட்டு, அலங்காரம் என்று ஆரம்பப் பாடமாக வரும் ஸ்வர வரிசைகளெல்லாம் வேறென்ன? கச்சேரி மேடையில் யாரும் ஜண்டை வரிசை பாடுவதில்லை. அது முழுக்க முழுக்க உடம்புக்கான வேலை. ஜண்டையில் ஜோடியாக வரும் ஸ்வரங்களில் இரண்டாவது கீழே ஒரு நொடி தொட்டு எழும்ப வேண்டும் இல்லையா, அந்த இடத்தில் குரல்வளைத் தசை சட்டென்று தளர்ந்து மறுபடி இழுபடுகிறது. பின்னால் வரப்போகிற கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கு, அஸ்திவாரம் அங்கேதான் போடப்படுகிறது. மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பதற்கும் காரணம் இருக்கிறது. ச-வுக்கும் ரி-க்கும் நடுவே மிகக் குறைந்த தூரம், ரி-யிலிருந்து க-வுக்குப் பெரிய தாவல். ப-வுக்கு மேலேயும் அதே அமைப்பு. நுணுக்கமாக நகர்வது, பெரிதாகத் தாவுவது என்று இரண்டு வேலையையும் ஒரே வரிசை செய்ய வைக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் புரந்தரதாசர் என்பது நம் மரபு.

எதற்காக இதைச் செய்கிறோம் என்று சொல்லித் தருகிற வழக்கம்தான் குறைவு. அதனால் பிள்ளைகள் சரளியைத் தாண்டிப் போக வேண்டிய வாசற்படியாக நினைத்துவிடுகிறார்கள்.

சரி, வயிற்றுக்கு வருகிறேன். அங்கே குரல் இல்லை. குரல் பிறப்பது குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறு மடிப்புகளில். பெண்களுக்கு அவற்றின் நீளம் ஏறக்குறைய 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர், ஆண்களுக்கு 17 முதல் 25. அவ்வளவுதான். நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை அதிர வைக்கிறது. வயிறும் விலாவும் செய்ய வேண்டிய வேலை அந்தக் காற்றை அளந்து அனுப்புவது. நீங்கள் வயிற்றை உள்ளே இழுத்து இறுக்கும்போது காற்று ஒரேயடியாக மேலே முட்டுகிறது, அதைத் தடுக்கக் குரல்வளை இறுகி மூடுகிறது. கனமான சாமானைத் தூக்கும்போது தம் பிடிக்கிறோமே, அப்போது நடக்கிற அதே மூடல். மூடிக்கொண்ட தொண்டையில் பஞ்சமம் எப்படி வரும்?

ஜூன் 3

மேலே உள்ளதைப் படித்துவிட்டு "அப்படியானால் வயிற்றை என்னதான் செய்வது" என்று கேட்டிருக்கிறார்கள். செய்து பார்க்கும்படி எழுதுகிறேன்.

சம்மணமிட்டு உட்காருங்கள். இடுப்பு பின்னால் சரிந்தால் ஒரு சிறு மணையையோ மடித்த ஜமுக்காளத்தையோ அடியில் வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் கடைசி விலா எலும்பின்மேல், பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் நிதானமாக மூச்சை இழுங்கள். தோள் மேலே போகக் கூடாது. விலா இரண்டு பக்கமும் விரிந்து உங்கள் கையைத் தள்ள வேண்டும், வயிறு தானாக முன்னே வரும். உதரவிதானம் கீழே இறங்குவதால் வயிறு வெளியே வருகிறது, நீங்கள் தள்ள வேண்டியதில்லை.

இப்போது 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய கோடாகக் காற்றை விடுங்கள். விடும்போது விலா உடனே சரிந்துவிடாமல் கொஞ்ச நேரம் விரிந்தபடியே இருக்கட்டும். பாட்டுக்கு வேண்டிய முழு ரகசியமும் இந்தக் கொஞ்ச நேரத்தில் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது வேலை செய்யும் தசைகள், மூச்சு வெளியே போகும்போதும் பிடியை விடாமல் இருக்கப் பழகுகின்றன. அடிவயிறு உள்ளே போகும், ஆனால் மெதுவாக, கடைசியில்.

உதரவிதானத்தை நேரடியாக உணரவோ ஆட்டவோ முடியாது. அது இறங்குவதை வயிறும் விலாவும் நகர்வதை வைத்துத்தான் அறிகிறோம். அதனால் "உதரவிதானத்தால் பாடு" என்று சொல்லும் காணொளிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கை வைத்த இடத்தைக் கவனியுங்கள், போதும்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

எத்தனை விநாடி என்று கேட்டவருக்கு: 15 முதல் 20 விநாடி சீராக வந்தால் கீர்த்தனை பாடப் போதும். நீளத்தைவிடச் சீர் முக்கியம். 40 விநாடி இழுத்து, கடைசிப் பத்து விநாடி கழுத்தைப் பிழிந்து முடிப்பதில் பயனில்லை.

ஜூன் 5

சுருதி பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கேள்வி கேட்டவர் 5½ கட்டை என்று எழுதியதைப் பார்த்ததிலிருந்து இதுதான் மனதில் ஓடுகிறது.

நான் சிறு வயதில் கற்ற இடத்தில் இருபது பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பாடவைப்பார்கள். சுருதிப்பெட்டி ஒன்று, சுருதியும் ஒன்று. 5½. ஏனென்றால் ஆசிரியருக்கு அது வசதி. அவருடைய குரல் மெல்லியது, மேலே அநாயாசமாகப் போகும். எனக்கு இயல்பாகவே கனத்த குரல். மந்திரஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்வரங்களில், இனிமையாக இருக்கும், மேலே போனால் பிசிறடிக்கும். "வாயைத் திறந்து பாடினால் வரும்" என்று பல வருடம் சொல்லிச் சொல்லியே பாடவைத்தார்கள். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் பேச்சு கம்மியிருக்கும். அது பயிற்சியின் அடையாளம் என்று வீட்டில் பெருமையாகக்கூடச் சொல்வார்கள். பாடியபின் பேச்சு கம்முகிறது என்றால் அன்றைக்குத் தொண்டை அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். நல்ல சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, முடிந்தால் பேசும் குரல் முன்பைவிடத் தெளிவாக இருக்க வேண்டும்.

கணக்காகப் பாருங்கள். 5½ கட்டையில் பெண்குரலின் மேல் பஞ்சமம் ஏறக்குறைய 622 ஹெர்ட்ஸ். நொடிக்கு 622 முறை அந்த இரண்டு மடிப்புகளும் மோதி விலகுகின்றன. 4½-க்கு இறக்கினால் அதே பஞ்சமம் 555-க்கு வந்துவிடும். பாட்டில் கேட்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, தொண்டைக்குத் தெரியும். வேறொருவர் வசதிக்காக அமைத்த சுருதியில் ஆறு வருடம் பாடுவது, வேறொருவர் அளவுச் செருப்பில் ஆறு வருடம் நடப்பது.

ஒலிபெருக்கி வராத காலத்தில் மேல் சுருதி ஒரு தேவையாக இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்சத்தில் பாடினார்கள். அவர்களுக்கு இயற்கையாகவே அந்தக் குரல் இருந்தது. இன்றைக்கு மைக் இருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் மிகத் தாழ்ந்த சுருதியில், அவசரமே இல்லாமல் பாடினார். கேட்கிறவர்கள் இன்றைக்கும் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உங்கள் சுருதியைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். மந்திர பஞ்சமம் காற்றாகக் கரையாமல் ஒலியோடு நிற்க வேண்டும், மேல் பஞ்சமம் கழுத்து புடைக்காமல் நிற்க வேண்டும். இரண்டும் நிற்கிற இடம் உங்களுடையது. சந்தேகமாக இருந்தால் தாழ்ந்த பக்கமே சாய்ந்துகொள்ளுங்கள்.

ஜூன் 6

"சுருதியைக் குறைத்தால் பாட்டின் களை போய்விடும்" என்று ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். களை சுருதியில் இல்லை ஐயா. அரைக் கட்டை இறக்கிய மறுநாளே மேல் காந்தாரத்தில் அசைவு கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முன்பு எட்டிப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது நின்று விளையாடலாம். களை அங்கேதான் வரும்.

ஜூன் 9

ஒரு விஷயம் ரொம்ப நாளாகக் கவனித்து வருகிறேன், வேறு யாரும் கவனித்திருக்கிறீர்களா? பிள்ளைகள் மேலே பாடும்போது 'ரி'-யும் 'நி'-யும் இறுகுகிற அளவுக்கு 'க' இறுகுவதில்லை. ஸ்தானத்தில் 'க' இன்னும் உயரம். இருந்தும் 'ரி'-யில்தான் முகம் சுளிக்கிறது.

காரணம் உயிரெழுத்தில் இருக்கிறது. 'இ' சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும்பி வாய்க்குள் இடம் குறைகிறது. அந்த வாய் அமைப்பு இயல்பாக ஒத்து ஒலிக்கிற முதல் அதிர்வெண் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஆ'-வுக்கு அதுவே 700-க்கும் மேலே. 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு மேல் ஷட்ஜம் 392. அதாவது 'இ' ஒத்துழைக்கிற எல்லையைத் தாண்டியாகிவிட்டது. வாய் உதவாத இடத்தில் தொண்டை கூடுதலாக உழைக்கப் போய் இறுகுகிறது.

தீர்வு சின்னது. மேலே போகும்போது 'ரி', 'நி' இரண்டிலும் தாடையை ஒரு விரல் அளவு கூடுதலாக இறக்குங்கள். 'ரி' கொஞ்சம் 'ரெ' பக்கம் சாய்ந்தால் குற்றமில்லை, கேட்பவர் காதுக்கு அது 'ரி'-யாகத்தான் விழும். உதட்டைச் சிரிப்பதுபோல் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். என்னிடம் வரும் ஒரு பெண்ணுக்கு இதை மட்டும் மாற்றினோம். அன்றைக்கே கல்யாணி அவரோகணத்தில் மேல் ஷட்ஜத்திலிருந்து நிஷாதத்துக்கு இறங்கும் இடம் திறந்துகொண்டது. அவளே நிறுத்திவிட்டு "இது நானா பாடினேன்" என்று கேட்டாள்.

அகார சாதகம் ஏன் என்பதற்கும் பாதி விடை இதில் இருக்கிறது. ஸ்வரப் பெயர்களை எடுத்துவிட்டு 'அ' என்று மட்டும் பாடினால் எல்லா ஸ்தானத்துக்கும் ஒரே வாய். எங்கே இறுகுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

ஆனால் 'அகாரம்' என்றதும் வாயை முடிந்த மட்டும் அகட்டி 'ஆஆ' என்று அறைகிறவர்கள் உண்டு. அதுவும் வேண்டாம். நாக்கின் நுனி கீழ்ப்பல்லின் பின்புறம் ஓய்வாகப் படிந்திருக்கட்டும். நாக்கின் அடி பின்னால் இழுபட்டால் 'அ' விழுங்கியதுபோல் கேட்கும். கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஜூன் 10

உதடுகளை லேசாக ஒட்டிவைத்து 'ப்ர்ர்ர்' என்று படபடக்கவிட்டுக்கொண்டே சரளி பாடும் பயிற்சியைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். நல்ல பயிற்சி. 'ம்' என்று வாய்மூடி ஒலிப்பதும், ஸ்ட்ரா வழியாக ஒலிப்பதும் இதே வகைதான். வாய்ப்பக்கம் பாதி அடைபட்டிருப்பதால் மேலேயிருந்து கொஞ்சம் காற்றழுத்தம் திரும்பி வந்து அந்த மடிப்புகளைத் தாங்கிக்கொள்கிறது. மோதல் மென்மையாகிறது. வரிசைகளைப் பாடத் தொடங்குமுன் ஐந்து நிமிடம் இதைச் செய்தால் தொண்டை திறந்துகொள்ளும்.

என் பேரன் இதைக் கேட்டுவிட்டு வாசலுக்கு ஓடி "ஆட்டோ வந்திருக்கா" என்று பார்த்தான். இப்போது அவனும் சேர்ந்து படபடக்கிறான், என்னைவிடச் சீராக.

ஜூன் 14

விடியற்காலைச் சாதகம் பற்றி வந்த இரண்டு மூன்று கருத்துகளும் பக்தி, தூய்மை, அமைதி என்றே போயிருக்கின்றன. இருக்கட்டும். உடம்புக் காரணமும் ஒன்று உண்டு. இரவு முழுக்கப் படுத்திருப்பதால் குரல் மடிப்புகளில் லேசாக நீர் கோத்துத் தடித்திருக்கும். தடித்தால் அதிர்வு மெதுவாகும், குரல் தாழும். எழுந்தவுடன் எல்லாருக்கும் குரல் கனமாக இருப்பது அதனால்தான். அந்த நேரத்தில் மந்திரஸ்தாயி கஷ்டமில்லாமல் கிடைக்கும். பகலில் ஒலியே வராத மந்திர மத்யமம் காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கும்.

ஆகவே பெரியவர்கள் காலையில் கீழ் ஸ்தாயி சாதகம் செய்யச் சொன்னது, உடம்பு தானாகத் தருவதை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. கீழே தளர்வாக, மெதுவாக, சத்தம் குறைவாக நீட்டிப் பாடும்போது மடிப்புகள் முழு நீளத்துக்கும் அதிரக் கற்றுக்கொள்கின்றன. இந்தத் தளர்வு வந்தவருக்குத்தான் மேல் ஸ்தாயி எளிதாகும். கீழே உழைத்தால் மேலே பலன் என்று சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

இதே காரணத்தால் எழுந்தவுடன் மேல் ஸ்தாயியை முயலக் கூடாது. தடித்திருக்கும் மடிப்பை இழுத்து நீட்டுகிற வேலை அது. மேல் ஸ்தாயியைக் காலை ஒன்பது மணிக்குமேல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் நன்றாகப் பேசிப் பழகியபின்.

ஜூன் 15

பனங்கற்கண்டு, மிளகுப்பால், அதிமதுரம், சித்தரத்தை. ஒவ்வொருவரும் ஒரு மருந்து எழுதியிருக்கிறீர்கள்.

நாம் விழுங்குகிற எதுவும் குரல் மடிப்பின்மேல் படாது. விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்கிறது, உணவு பின்னால் உள்ள வேறு குழாயில் போகிறது. பட்டால் புரையேறும். எனவே இவை தொண்டையின் மேல்பகுதிக்கு இதம் தரும், இருமலைத் தணிக்கும், உமிழ்நீர் சுரக்கவைக்கும், அவ்வளவே. அந்த இதமும் வேண்டியதுதான், நானும் அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வதுண்டு. ஆனால் மடிப்புக்கு ஈரம் போவது உடம்பு முழுக்க நீர் இருந்தால்தான். கச்சேரிக்குப் பத்து நிமிடம் முன் குடிக்கும் தண்ணீர் அங்கே போய்ச் சேர நேரமில்லை. காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். நேராகப் போய்ச் சேருவது ஆவி மட்டும், ஏனென்றால் அது மூச்சோடு போகிறது. மருந்து எதுவும் போடாத வெறும் வெந்நீர் ஆவி.

அப்புறம், இரவுச் சாப்பாடு. கச்சேரி முடிந்து பத்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறும். நெஞ்செரிச்சல் தெரியாமலேகூட ஏறலாம். காலையில் தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல் செருமிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். செருமுவதே தனிக் கெடுதல், மடிப்புகள் இரண்டும் பலமாக அறைந்துகொள்கின்றன. ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால் அந்த அரிப்பு பெரும்பாலும் போய்விடும்.

ஜூன் 21

ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: மகனுக்கு 13 வயது, நன்றாகப் பாடிக்கொண்டிருந்தான், இப்போது குரல் இரண்டாகப் பிரிகிறது, வகுப்பில் சிரிக்கிறார்கள், நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம். மகரக்கட்டு உடைகிற காலம் அது. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கு இது வந்தால் வேஷமே போய்விடும் என்று சொல்வார்கள். நமக்கு அந்த அவசரம் இல்லை. குரல்வளை பெரிதாகிறது, மடிப்புகள் நீண்டு தடிக்கின்றன, சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்குகிறது. பழைய அளவுக்குப் பழகிய தசைகள் புதிய அளவைப் பழகும்வரை தடுமாறும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: பெண் பிள்ளைகளோடு உட்காரவைத்து 5 கட்டையில் இழுக்கச் சொல்வது. வசதியாக இருக்கிற நாலைந்து ஸ்வரங்களுக்குள் மட்டும் மெதுவாகப் பாடட்டும். தாளம், ராக இலக்கணம், நிறையக் கேட்பது, வீணையோ வயலினோ வாசிப்பது என்று நேரத்தைக் கொடுங்கள். குரல் எங்கே போய் நிலைக்கிறதோ அங்கே சுருதியை வையுங்கள், அது 1 கட்டையாக இருந்தாலும் சரி, 2½ ஆக இருந்தாலும் சரி.

முக்கியமாக, யாரும் சிரிக்கக் கூடாது. அந்த வயதில் சிரித்துவிட்டால் பையன் பாட்டையே விட்டுவிடுவான். எத்தனை நல்ல குரல்களை நாம் இப்படி இழந்திருப்போம் என்று நினைத்தால் எனக்கு ஆறவே ஆறாது.

ஜூன் 22

கமகம் வரும்போது தாடை ஆடுகிறது, தலை ஆடுகிறது, கை காற்றில் எழுதுகிறது. கை போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. தாடையை நிறுத்துங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மோவாயில் லேசாக வைத்துக்கொண்டு தோடி ராகத்தின் காந்தாரத்தைப் பாடிப் பாருங்கள். விரல் ஆடினால் கமகத்தைத் தாடை செய்துகொண்டிருக்கிறது. உண்மையில் ஸ்வரத்தை ஏற்றி இறக்குவது குரல்வளைக்குள்ளே மடிப்பை இழுத்து நீட்டித் தளர்த்துகிற சிறு தசை. தாடைக்கு அங்கே வேலையில்லை.

பிருகாவும், அதாவது ஸ்வரங்களை அதிவேகமாக உதிர்ப்பதும், அப்படித்தான். பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.) நாகஸ்வரத்தின் ஓட்டத்தைக் குரலில் கொண்டுவந்தவர் என்று எல்லாரும் சொல்வார்கள். அவருடைய பதிவுகளில் அந்த வேகத்திலும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக உதிர்வதைக் கேட்கலாம். அது இறுக்கமான தொண்டையில் நடக்காது. இறுகிய தசை வேகமாக நகராது என்பது உடம்பின் எந்தப் பகுதிக்கும் பொருந்தும். அதனால்தான் ஒரே வரிசையை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பாடவைக்கிறார்கள். முதல் காலத்தில் சுத்தமாக விழாத ஸ்வரம் மூன்றாம் காலத்தில் விழுந்ததுபோல் தோன்றும், பதிவு செய்து மெதுவாக ஓட்டிக் கேட்டால் தெரிந்துவிடும்.

ஜூன் 29

கேள்வி கேட்டவர் இ.என்.டி. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: இரண்டு மடிப்பிலும் எதிரெதிரே சிறிய முடிச்சு ஆரம்பித்திருக்கிறது, மென்மையான நிலையில் இருக்கிறது, ஸ்பீச் தெரபிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பயந்துபோய் எழுதியிருக்கிறார்.

பயப்படாதீர்கள். எனக்கும் இருந்தது. பாடிப்பாடி மோதுகிற அதே இடத்தில் தோல் தடிப்பது அது. ஆரம்ப நிலையில் குரலைப் பயன்படுத்தும் விதத்தை மாற்றினாலே பெரும்பாலும் கரைந்துவிடும். என்னுடைய மடிப்புகளைத் திரையில் முதல்முதலாகப் பார்த்த நிமிடம் மறக்காது. முத்துவெள்ளையாக இரண்டு கீற்று, நடுவில் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் அரிசிமுனை அளவுக்கு மேடு. அது தொட்டுக்கொண்டதும் மேலும் கீழும் இடைவெளி விழுந்து காற்று கசிகிறது. "இங்கே பாருங்கள், உங்கள் குரலில் கேட்கிற காற்று இதுதான்" என்றார் மருத்துவர். வருடக்கணக்காக முயற்சி போதவில்லை என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தெரியவில்லை.

இப்படிக் குரல் மடிப்பைப் பார்க்கும் பரிசோதனையைக் கண்ணாடி வைத்துத் தொடங்கிவைத்ததே ஒரு பாட்டு வாத்தியார்தான், தெரியுமோ? மானுவல் கார்சியா. 1854-இல் ஒரு சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தைத் திருப்பிவிட்டு, தன் குரல் மடிப்பு பாடும்போது எப்படி அசைகிறது என்று தானே பார்த்தார். மறுவருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை விளக்கினார். மருத்துவர்கள் பின்னால்தான் எடுத்துக்கொண்டார்கள். 101 வயது வரை இருந்தார்.

உங்களுக்கு இப்போதைக்கு: தெரபிஸ்ட் சொல்வதை அப்படியே கேளுங்கள், நான் எழுதியவற்றில் எதுவும் அதற்கு மாறாக இருந்தால் இதை விட்டுவிடுங்கள். குசுகுசுவென்று பேசாதீர்கள். குரலுக்கு ஓய்வு என்று நினைத்துப் பலரும் அதைத்தான் செய்கிறார்கள், பலருக்கு அதில் தொண்டை இன்னும் இறுகுகிறது. பேசினால் மெல்லிய இயல்பான குரலில் பேசுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருங்கள். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடக் கை தட்டுங்கள். அந்த நாட்களில் பாட்டை விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். தம்புராவைப் போட்டுக்கொண்டு மனதுக்குள்ளேயே ராகம் பாடலாம், சாஹித்யத்தை, அதாவது பாட்டு வரிகளை, எழுதிப் பார்க்கலாம்.

செம்பை வைத்தியநாத பாகவதர் 1950-களில் குரலை இழந்து, பிறகு மீண்டும் பெற்று, 1974-இல் மறையும்வரை பாடிக்கொண்டிருந்தார். குருவாயூரப்பன் அருள் என்று அவர் நம்பினார். அந்தக் கணீர்க் குரல் திரும்பி வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 4

"அடிவயிறு" பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பெரியவர்கள் உணர்ந்ததைத்தான் சொன்னார்கள். சரியாகப் பாடும்போது கழுத்தில் எந்த வேலையும் தெரியாது, உழைப்பு கீழே, இடுப்பைச் சுற்றி மட்டும் தெரியும். அதனால் குரல் அங்கிருந்து கிளம்புவதாகவே தோன்றும். தியாகராஜர் 'சோபில்லு ஸப்தஸ்வர' கீர்த்தனையில் நாபி, இதயம், கண்டம், நாக்கு, நாசி என்று ஸ்வரங்கள் விளங்கும் இடங்களை வரிசையாகச் சொல்கிறார். பாடுகிறவர் உடம்பில் உணர்கிற பாதை அது. கீழே மூச்சின் பிடிப்பு, மார்பில் அதிர்வு, தொண்டையில் பிறப்பு, நாக்கில் எழுத்து, மூக்கைச் சுற்றி முழக்கம்.

சிக்கல் எங்கே என்றால், பலனைச் செய்முறையாகச் சொல்லிக்கொடுப்பதில். வயிற்றை அமுக்கினால் அந்த உணர்வு வராது. மூச்சு சீரானால் வரும்.

ஜூலை 11

மூச்சை எங்கே எடுப்பது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: சொல்லை உடைக்காமல். சங்கதி, அதாவது ஒரே வரியை விதவிதமாகப் பாடும் வடிவங்களை, பாடம் பண்ணும்போதே மூச்சிடத்தையும் பென்சிலால் நோட்டில் குறித்துப் பாடம் பண்ணுங்கள். மூச்சு முட்டியபின் எடுக்கிற மூச்சு எப்போதும் தோளைத் தூக்கும். மிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், வாயும் மூக்கும் சேர்ந்து, சத்தமில்லாமல். மூச்சு இழுக்கும் சத்தம் மைக்கில் கேட்கிறதென்றால் தொண்டை அப்போதும் பாதி மூடியே இருக்கிறது.

கச்சேரி ஏன் வர்ணத்தில் தொடங்குகிறது என்பதற்கும் இது தொடர்பு. வர்ணத்தில் எல்லா ஸ்தாயியும், நெடிலும் குறிலும், இரண்டு காலமும் வந்துவிடுகின்றன. மேடையில் உட்கார்ந்த உடம்பு அதற்குள் மூச்சைப் பழகிக்கொள்கிறது. இருந்தாலும் வர்ணத்துக்கு முன்பே, திரைக்குப் பின்னால், வாய்மூடி ஐந்து நிமிடம் ஒலித்துவிட்டுப் போவது நல்லது.

ஜூலை 19

ஐம்பது வயதில் தொடங்கலாமா என்ற கேள்விக்கு. தாராளமாக. மாதவிடாய் நின்றபின் பெண்களின் மடிப்பு சற்றுத் தடித்துச் சுருதி இறங்கும். சிறு வயதில் 5½ பாடியவர் 4-க்கு வந்திருப்பார், அதை இழப்பாக நினைக்க வேண்டாம். ஆண்களுக்கு முதுமையில் மடிப்பு மெலிந்து குரல் லேசாக ஏறவும் செய்யும். தசை என்பதால் எந்த வயதிலும் பழக்கினால் பழகும், வேகம் மட்டும் குறையும். நாளுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் பாடாமல் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் பிரித்துக்கொள்ளுங்கள். பிருகா பக்கம் போக வேண்டாம். ஷட்ஜத்தைத் தம்புராவோடு சேர்த்து, மெதுவாக ஆரம்பித்து, கொஞ்சம் பெருக்கி, மறுபடி மெதுவாக்கி முடியுங்கள். மெதுவாக்கும்போது ஸ்வரம் இறங்கிவிடும், அதை இறங்காமல் பிடிப்பதுதான் பயிற்சி. பிறகு நி, த, ப என்று கீழே. சுருதி தெரியாவிட்டால் பெண்கள் 4 கட்டையில் வைத்துப் பாருங்கள், மந்திர பஞ்சமம் காற்றாகப் போனால் அரைக் கட்டை ஏற்றிக்கொள்ளுங்கள்.